சின்னப் பசங்க கேம் ஆடுறீங்களா? தாராளமா ஆடுங்க!



தாம்பரத்துல இருந்து பீச் போற லோக்கல்ல ஒருநாள் உங்க போனைப் பைக்குள்ள வெச்சுட்டு சும்மா சுத்திப் பாருங்க. குரோம்பேட்டை வர்றதுக்குள்ள ஒரு விஷயம் கண்ணுல படும். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு, மடியில் லேப்டாப் பை, முகத்தில் மேனேஜர் களை. ஆனால் அவர் போன் திரையில் கலர் கலராக மிட்டாய் வெடித்துக்கொண்டிருக்கும். எதிர் சீட்டில் ஒரு அக்கா, பழத்தோடு பழத்தை மோதவிட்டு எப்படியாவது ஒரு தர்பூசணியை உருவாக்கிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். கதவோரம் நிற்கும் நம்ம ஆள் ஒருத்தன், ஓடும் ரயிலில் நின்றுகொண்டு, ரயிலில் அடிபடாமல் தண்டவாளத்தில் ஓடும் ஒரு பொம்மைப் பையனை விரலால் இழுத்துக்கொண்டிருப்பான்.

இப்போ கொஞ்சம் எட்டிப் பாருங்க. போன் சட்டென்று நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால், நீங்கள் கேட்காமலே விளக்கம் வரும்: "பொண்ணு ஏத்தி வெச்சிருக்கா தம்பி, சும்மா என்னன்னு பார்த்தேன்."

இந்த வெட்கம் எதுக்கு? இதுதான் என் கேள்வி. வளர்ந்தவர்கள் குழந்தைகள் விளையாட்டை ரசிப்பதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. ஒளிக்க வேண்டிய விளையாட்டு ஒன்று உண்டு. அதை யாரும் கிண்டல் செய்வதில்லை. இரண்டையும் பேசிடுவோம்.

நீங்க மட்டும் இல்ல பாஸ்

நெட் கட் ஆனதும் குரோம் பிரவுசரில் எட்டிப் பார்க்குமே ஒரு குட்டி டைனோசர், அதை ஒரு தடவையாவது கள்ளிச்செடி தாண்ட வைக்காத ஆள் நம்ம கிளாஸில் யாராவது உண்டா? 2014-இல் கூகுள் சேர்த்த விளையாட்டு அது. ஒரே ஒரு பட்டன். கதை கிடையாது, கலர்கூடக் கிடையாது. 2018-இல் கூகுள் சொன்ன கணக்குப்படி அது மாதத்துக்கு 27 கோடி தடவை ஆடப்பட்டது. டேட்டா சரியாகக் கிடைக்காத, அல்லது விலை அதிகமான நாடுகளில்தான் ஆடியவர்கள் அதிகம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் எல்லாம் நினைவிருக்கா? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டவர் படுத்துவிட்ட அந்த நாட்களில், சார்ஜ் இருக்கும்வரை எத்தனை வீட்டில் அந்த டைனோசர் ஓடியிருக்கும்!

இதைவிடச் சுவாரசியமான விஷயம் ஒன்று இருக்கு. அந்த விளையாட்டை முடக்கிவைக்க நிறுவனங்களின் சிஸ்டம் அட்மின்களுக்குத் தனியாக ஒரு வசதி செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூழ்கிப்போனார்கள் என்பது ஒரு காரணம். வேலை பார்க்க வேண்டிய பெரியவர்களும் மூழ்கிப்போனார்கள் என்பது இன்னொரு காரணம்.

இது புதுசும் இல்லை. 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த சாலிட்டேர் சீட்டாட்டத்தை எழுதியவர் வெஸ் செர்ரி. அப்போது அவர் மைக்ரோசாஃப்டில் ஒரு இன்டர்ன். மவுஸ் என்ற புதுப் பொருளைப் பிடித்து இழுத்து விடுவதற்கு ஜனங்களின் கை பழகட்டும் என்றுதான் அதைச் சேர்த்தார்கள். பழகியது. அதற்குப் பிறகும் யாரும் நிறுத்தவில்லை. உலகத்து ஆபீஸ்களில் எல்லாம் ஓடிய அந்த விளையாட்டுக்கு செர்ரிக்கு ராயல்டி என்று ஒரு பைசா கிடைக்கவில்லை. ஸ்டைபெண்ட் இல்லாமல் இன்டர்ன்ஷிப் போன நம்ம நண்பர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

உங்க அப்பா அம்மாவையும் கேட்டுப் பாருங்க. 1997-இல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்பு விளையாட்டு, அதற்குப் பிறகு எத்தனையோ நோக்கியா போன்களில் வந்தது. நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இருந்தது. அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் கட்டைவிரல்களைப் பாம்புதான் ஆண்டது. "எப்பப் பாரு போனு" என்று இன்று திட்டும் அதே அப்பாவின் கட்டைவிரலும் அதில் சேர்த்தி.

இது குழந்தைகளுக்குன்னு யார் சொன்னது?

நம்ம ஊர் விளையாட்டுகளையே எடுத்துக்கோங்க. தாயக்கட்டை, பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பரமபதம். இன்றைக்கு இவை எங்கே இருக்கின்றன? கோடை விடுமுறையில் 'பிள்ளைகளுக்கான பாரம்பரிய விளையாட்டுகள்' என்று ஒரு பெட்டிக்குள் போட்டு விற்கப்படுகின்றன.

ஆனால் ஆடியவர்கள் யார்? பழைய கோயில்களுக்குப் போனால் மண்டபத் தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்க. ஆடுபுலி ஆட்டக் கட்டங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பது சில இடங்களில் தெரியும். கல்லில் உளி பிடித்துக் கோடு போட்டது நாலு வயசுப் பிள்ளையாக இருக்க வாய்ப்பில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பெரியவர்கள் விரித்து உட்கார்ந்தது பரமபதம். பகல் வேலை முடிந்து திண்ணையில் பாட்டிகள் சோழி போட்டது பல்லாங்குழி. ஏழு ஏழாகப் பதினாலு குழி, கை நிறையச் சோழி. அதில் பாட்டியை ஜெயிக்க எந்தப் பேரனாலும் முடிந்ததில்லை. அவங்க குழியைப் பார்க்கும்போதே எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பாங்க. நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில் செய்வதை அவங்க வெற்றிலை மென்றுகொண்டே செய்தாங்க.

நம்ம பகடைக் கட்டமும் பாம்பும் ஏணியும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே லூடோ என்றும் 'ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' என்றும் அட்டைப் பெட்டியில் குழந்தைகளுக்கு விற்கப்பட்டன. அதே லூடோவை மும்பைக்குப் பக்கத்தில் நவி மும்பை நிறுவனம் ஒன்று 2016-இல் லூடோ கிங் என்ற ஆப்பாக வெளியிட்டது. 2020 ஊரடங்கில் தாத்தா பாட்டி முதல் பேத்தி வரை வீடு வீடாக உட்கார்ந்து ஆடினார்கள். சுத்திச் சுத்தி அது கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது.

'குழந்தைகளுக்கானது' என்பது பல நேரம் அட்டைப் பெட்டியில் ஒட்டிய லேபிள்தான். அந்த லேபிளைப் பார்த்து வெட்கப்பட்டால் நம்ம பாட்டிகள் சிரிப்பாங்க.

சரி, ஏன் இவ்வளவு பிடிக்குது?

இங்கேதான் நம்ம படிப்பு உள்ளே வருது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

முதல் காரணம், அது முடியும். சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு ஆட்டம் ஆரம்பித்து, நடந்து, முடிந்துவிடும். நம்ம வாழ்க்கையில் இப்போ என்ன முடியுது சொல்லுங்க? டிகிரி நாலு வருஷம். பிராஜெக்ட் முடிந்தது என்று நினைத்தால் ரிப்போர்ட்டில் அலைன்மென்ட் சரியில்லை என்று திரும்பி வரும். பிளேஸ்மென்ட் தயாரிப்புக்கு எல்லையே கிடையாது. இதற்கு நடுவில் இரண்டு நிமிடத்தில் ஒரு வேலை முழுசாக முடிந்தால், அது பலூன் உடைக்கிற வேலையாகவே இருந்தாலும், மனசு ஒரு மூச்சு விடும்.

இரண்டாவது, அங்கே தோற்றால் ஒன்றும் ஆகாது. எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. நமக்குத் தோல்வி ரொம்பக் காஸ்ட்லி. ஒரு பேப்பர் போனால் அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்கணும், திரும்ப ஃபீஸ் கட்டணும், வீட்டில் பதில் சொல்லணும். 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது' என்று ஒரு கம்பெனி போர்டில் ஒட்டிவிட்டால் அந்த வாசல் பக்கமே போக முடியாது. டைனோசர் கள்ளிச்செடியில் முட்டினால்? இன்னொரு தட்டு, அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை, ஹெச்.ஓ.டி கூப்பிடவில்லை. பத்து தடவை தோற்று, பதினோராவது தடவை கொஞ்சம் தள்ளிப் போகும்போது கிடைக்கிறதே ஒரு சந்தோஷம், அது சின்ன வயசில் சைக்கிள் ஓட்டிப் பழகியபோது கிடைத்தது. அதற்குப் பிறகு பரீட்சை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது.

மூன்றாவது, ஏன் தோற்றோம் என்று தெரியும். ஒரு நொடி முன்னாடி குதித்துவிட்டேன், அதனால் அவுட். காரணமும் விளைவும் ஒரே திரையில் இருக்கும். இன்டர்வியூ முடிந்து "உங்களை அப்புறம் தொடர்பு கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகும் உலகத்தில், இந்த நேர்மைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

நான்காவது, இன்ஜினியர்கள் கவனிக்க வேண்டியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு விளையாட்டு செய்யுறீங்க என்று வையுங்க. 'விதிமுறைகள்' என்று ஒரு பக்கம் எழுதி வைக்க முடியாது. எதைத் தொடணும், எது ஆபத்து, எங்கே போகணும் எல்லாவற்றையும் நிறத்திலும் அசைவிலும் சத்தத்திலும் சொல்லியாகணும். மூணு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு திரையை வடிவமைப்பது, பேங்க் ஆப்பை வடிவமைப்பதைவிடக் கஷ்டம் என்றுகூடச் சொல்வேன். நமக்கு அது பிடிப்பதற்குக் காரணம் நாம் குழந்தையாகிவிட்டோம் என்பதில்லை. நாள் பூராவும் மேனுவல் படித்துக் களைத்த மூளைக்கு, மேனுவலே இல்லாத ஒரு பொருள் கிடைக்கிறது.

'டைம் வேஸ்ட்' கட்சிக்கு

"இதெல்லாம் சரி மச்சி, மொத்தத்துல டைம் வேஸ்ட்தானே?" என்று ஒரு குரல் கேட்குது. நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்க முடியாது.

பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கிறவை எல்லாம் நல்ல பிள்ளைகள் இல்லை. மிட்டாய் உடைக்கும் கேண்டி க்ரஷையே பாருங்க. ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம். காத்திருக்க முடியவில்லையா, காசு போடு. தோற்றால் ஒன்றும் ஆகாது என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தச் சுதந்திரத்தைத்தான் இங்கே எடுத்து விற்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முப்பது நொடி விளம்பரம், 'ஏழு நாள் தொடர்ந்து வந்தீங்க, இன்னைக்கு விட்டுடாதீங்க' என்று ராத்திரி பதினோரு மணிக்கு நோட்டிஃபிகேஷன், எல்லாம் அதே குடும்பம்தான். திரையில் சிரிப்பது முயல் பொம்மை. பின்னால் உங்கள் பழக்கத்தை அளந்துகொண்டிருப்பது ஒரு கணக்குப் பிரிவு.

அதனால் நான் வைத்திருக்கும் சோதனை எளிது. மூணே கேள்வி. ஒரு ஆட்டம் தானாக முடிகிறதா? தோற்றால் என்னிடம் எதுவும் கேட்காமல் இருக்கிறதா? நான் ஒரு வாரம் வராவிட்டால் சும்மா இருக்கிறதா? மூணுக்கும் 'ஆமாம்' என்றால் ஆடுங்க. அது டைம் வேஸ்ட் என்றால் டீக்கடையும் டைம் வேஸ்ட், கேன்டீன் பெஞ்சும் டைம் வேஸ்ட். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் யோசிங்க.

பெரியவங்க விளையாட்டுன்னு ஒன்னு இருக்கு

இப்போ ஆரம்பத்தில் சொன்ன அந்த இன்னொரு விளையாட்டுக்கு வருவோம்.

'18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும்' என்று கம்பீரமாகப் போட்டுக்கொண்டு நம்ம போனுக்குள் வந்தது ஆன்லைன் ரம்மி. நடிகர்கள் விளம்பரம் செய்தார்கள். 'திறமை விளையாட்டு' என்று பட்டம் வேறு. ஹாஸ்டலில் எவனாவது பூனைக்குச் சோறு ஊட்டும் கேம் ஆடினால் ஃப்ளோர் முழுக்கச் சிரிக்கும். ரம்மியில் இருநூறு ரூபாய் ஜெயித்தவனிடம் "எப்படிடா?" என்று மரியாதையாகக் கேட்கும். இந்த மரியாதைதான் எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெரியவர்கள் விளையாட்டு தமிழ்நாட்டில் என்ன செய்தது என்பது சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தாலே தெரியும். பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அதன் பிறகு அக்டோபரில் புது மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமானது. அதே வருடம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 தொடக்கத்தில் மாநில அரசு விதிமுறை கொண்டுவந்தது: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் நுழையக் கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

அந்த நள்ளிரவு விதியை மறுபடி ஒரு தடவை படிங்க. ஒரு விளையாட்டிலிருந்து வளர்ந்த மனிதர்களை எழுப்பித் தூங்க அனுப்ப, ஒரு அரசாங்கம் நேரம் குறித்துச் சட்டம் போட வேண்டியிருந்தது. பல்லாங்குழிக்கு அப்படிச் சட்டம் தேவைப்பட்டதில்லை. குழி காலியானால் பாட்டி முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போயிடுவாங்க.

சட்டம் வந்தாச்சே, இனி என்ன என்று கேட்காதீங்க. பேரை மாற்றிக்கொண்டு வேறு வழியில் வருகிற லிங்க், டெலிகிராம் குரூப்பில் வரும் 'ஈசி மணி' அழைப்பு எல்லாம் முதலில் தேடுவது நம்ம வயசைத்தான். கையில் யுபிஐ இருக்கு, மாசக் கடைசியில் காசு இருக்காது, ராத்திரி தூக்கமும் இருக்காது. அந்த ராத்திரி பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் பலூன் உடைத்துக்கொண்டிருந்தால் அவனைச் சீண்டாதீங்க, நிம்மதியா உடைக்கட்டும். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அடிக்கடி 'ஐநூறு இருக்கா மச்சி' என்று கேட்கிறவனைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசணும்.

நாளைக்கு இதைச் செய்யப்போறது நீங்கதான்

வியட்நாமின் ஹனோயில் டோங் குயென் என்று ஒருத்தர். தனி ஆள். 2013-இல் ஒரு குட்டி விளையாட்டை எழுதி வெளியிட்டார்: ஃப்ளாப்பி பேர்ட். ஒரு பறவை, பச்சைக் குழாய்கள், தட்டினால் பறக்கும். 2014 தொடக்கத்தில் அது உலகம் முழுக்க முதல் இடத்துக்குப் போனது. விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வந்ததாகச் செய்தி. பிப்ரவரியில் அவரே அதை எடுத்துவிட்டார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடத்தான் செய்தேன், அது ஜனங்களை அடிமையாக்கிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அவர் செய்தது சரியா, அவசரப்பட்டாரா என்று நீங்க விவாதம் பண்ணலாம். ஆனால் தான் எழுதிய கோடு ஒரு மனுஷனின் ராத்திரியை என்ன செய்கிறது என்று ஒரு டெவலப்பர் நின்று யோசித்தார். நம்ம சிலபஸில் எந்த யூனிட்டிலும் அது இல்லை.

நேர் எதிராக இன்னொன்றும் நடந்தது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. நாம் சின்ன வயசில் பிரவுசிங் சென்டரில் ஆடிய ஆயிரக்கணக்கான குட்டி விளையாட்டுகள் அதோடு போயிருக்க வேண்டியவை. போகவில்லை. ரஃபிள் என்ற எமுலேட்டரைத் தன்னார்வலர்கள் ரஸ்ட் மொழியில் எழுதினார்கள். அதைக் கொண்டு இன்டர்நெட் ஆர்கைவ் அந்த விளையாட்டுகளை மறுபடி ஓடவைத்தது. குழந்தை விளையாட்டுகளைக் காப்பாற்ற ராத்திரி உட்கார்ந்து கோடு எழுதியவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள்தான். ஓப்பன் சோர்ஸ் ஆசை இருக்கிறவங்க ரஃபிள் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க.

நம்மில் பாதிப் பேர் நாளைக்கு ஓ.எம்.ஆர் பக்கம் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்து, 'யூசர் இன்னும் ரெண்டு நிமிஷம் ஆப்புல இருக்கணும், என்ன பண்ணலாம்?' என்ற மீட்டிங்கில் இருப்போம். அப்போ கையைத் தூக்கிப் பேச, முடிகிற விளையாட்டு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கணும். அதற்கு ஆடியும் இருக்கணும், ஒன்றாவது செய்தும் இருக்கணும்.

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த லீவில் ஒரு மினி கேம் செய்யுங்க. பைத்தான் போதும், ஸ்கிராட்ச் கூடப் போதும். 1981-இல் கொனாமி நிறுவனம் ஒரு தவளையை ரோடு தாண்ட வைத்து ஃப்ராகர் செய்தது. நமக்கு பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி ரோடே இருக்கு, அதைத் தாண்டுவதைவிட த்ரில்லான லெவல் எந்த நாட்டிலும் கிடைக்காது. இல்லையா, ஸ்டாப்பில் நிற்காமல் போகும் 21ஜி-யைத் துரத்திப் பிடிக்கிற கேம் பண்ணுங்க. நிபந்தனை மூணுதான்: இரண்டு நிமிடத்தில் முடியணும், காசு கேட்கக் கூடாது, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் புரியணும். செய்ததும் முதலில் பக்கத்து வீட்டு யு.கே.ஜி பிள்ளையிடம் கொடுங்க. அப்புறம் உங்க அப்பாவிடம் கொடுத்துட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. ரெண்டு பேரும் "இன்னொரு வாட்டி" என்று கேட்டால் நீங்க பாஸ். அடுத்த இதழுக்கு லிங்க் அனுப்புங்க, எடிட்டோரியல் டீம் மொத்தமும் ஆடிப் பார்க்கக் காத்திருக்கு.